டாடோவின் பாய்

"வாயத் தொறக்காத. இன்னும் ரெண்டு நிமிஷம்."

காலை ஐந்தே கால். பெலெனின் கால் தரையில் படும் முன்பே டாடோ தெர்மாமீட்டரை அவள் நாக்கடியில் வைத்துவிடுவான். நேரமானதும் ஜன்னல் வெளிச்சத்தில் பாதரசத்தைச் சாய்த்துப் பார்ப்பான். மாதா படத்துக்குக் கீழே தொங்கும் கட்டம்போட்ட தாளில் ஒரு சிவப்புப் புள்ளி வைப்பான்.

"நாள் பூரா என் வாய அடைச்சு வச்சா ஒனக்கு நிம்மதிதான்" என்பாள் அவன் மனைவி.

பிலிப்பைன்ஸின் இலோய்லோ நகரில் ட்ரைசிக்கிள், அதாவது சவாரிக்குப் பக்கப்பெட்டி பூட்டிய மோட்டார் சைக்கிள், ஓட்டுகிறவன். நாலு பிள்ளைகள். கருத்தடை மாத்திரை பெலெனின் ரத்தக்கொதிப்புக்கு ஆகாது, இன்னொரு பிரசவம் உயிருக்கே ஆகாது என்று டாக்டரம்மா சொல்லி மூன்று வருஷமாகிறது. "நீ பண்ணிக்கயேம்ப்பா ஆபரேஷன்" என்றதற்கு மின்விசிறியைப் பார்த்தான். மறுவாரமே மாதா கோயிலில் நடக்கும் இயற்கைக் குடும்பக் கட்டுப்பாட்டு வகுப்பில் போய் உட்கார்ந்தான். கருமுட்டை வெளிவந்ததும் ஒரு ஹார்மோன் சுரக்கும், உடம்புச் சூடு துளி ஏறும், மாதவிலக்கில் இறங்கும். ஏறி மூன்று நாள் நின்றால் பயமில்லை. இதைச் சவாரி வருகிறவர்களுக்கும் விளக்குவான்.

பயமுள்ள நாட்களில் பாயோடு வண்டியின் பக்கப்பெட்டிக்குள் முழங்காலை மடக்கிப் படுப்பான். அதனால் அந்த வீட்டுக் கணக்கு தெருவுக்கே தெரியும்.

"என்னண்ணே, இன்னிக்கும் வெளியூர்தானா?" என்பாள் ரொட்டிக்கடை சிதா.

"நாளைக்கு ஊர் திரும்பிருவேன்" என்பான், கழுத்தைத் தேய்த்துக்கொண்டே.

போன மாதம் மழையில் நனைந்து பெலெனுக்கு லேசான காய்ச்சல். மூன்று புள்ளிகள் மேலே நின்றன. கழுத்து வலியில் அவன் வேறெதையும் யோசிக்கவில்லை. பாய் வீட்டுக்குள் போனது. காய்ச்சல் விட்டதும் புள்ளி இறங்கியது. இரண்டு நாள் கழித்து நிஜமாகவே ஏறியது; முதலில் ஏறியது வெறும் காய்ச்சல் சூடு என்று அப்போதுதான் புரிந்தது. பயந்துபோய் வண்டிக்குத் திரும்பியவன் இன்னும் அங்கேதான் படுக்கிறான். ஏறிய சூடு பதினெட்டு நாளாகியும் இறங்காவிட்டால் பிள்ளைதான் என்பதும் வகுப்பில் சொன்னதே.

இன்று பத்தொன்பது.

"எவ்வளவு?" என்றாள் பெலென், படுத்தபடியே.

"நேத்து மாதிரியேதான்."

"இன்னொரு தடவ வையி."

வைத்தான். எடுத்தான். புள்ளி வைக்கவில்லை.

"டாக்டரம்மாகிட்டப் போலாம், கெளம்பு" என்றான்.

வெளியே சிதா கடையைத் திறந்துகொண்டிருந்தாள். "ஊர் திரும்பியாச்சாண்ணே?"

டாடோ பக்கப்பெட்டியிலிருந்து பாயை உருவினான். உதறினான். நாலாக மடித்து, பெலென் உட்காரும் பலகைமேல் போட்டு, கையால் அழுத்திப் பார்த்தான். வழியெல்லாம் பள்ளம்.