பச்சைமுள் அண்ணனும் மூணு வாட்ச்மேனும்

எங்க கம்பெனியில அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லாருக்கும் அவர் பச்சைமுள் அண்ணன்தான். ஆபீஸ் சுவத்துல, பள்ளிக்கூட வராந்தாவுல சிவப்பா ஒரு தீயணைக்கிற சிலிண்டர் மாட்டியிருப்பாங்களே, மாசாமாசம் போய் அதைப் பார்த்து, சரியா இருக்குன்னு கார்டுல கையெழுத்துப் போடுறது அவர் வேலை. சிலிண்டர் தலையில சின்னதா ஒரு வட்டம், அதுக்குள்ள ஒரு முள். முள் பச்சையில நின்னா உள்ள அழுத்தம் சரியா இருக்கு. சிவப்புக்குப் போச்சுன்னா, தீ பிடிக்கிற அன்னிக்கு அது வெறும் இரும்பு. யாராவது எப்படி அண்ணே இருக்கீங்கன்னு கேட்டா, "முள் பச்சையில இருக்கு"ம்பார். பேர் வந்த கதை அவ்வளவுதான்.

முப்பத்தோரு வருஷ சர்வீஸ். மத்த ஆளுங்க முள்ளை எட்டிப் பார்த்துட்டு டிக் அடிச்சிட்டு வந்துடுவாங்க. இவர் ஒவ்வொண்ணையும் இறக்கி எடை போடுவார், தலையில செருகியிருக்கிற பின் துருப்பிடிச்சிருக்கான்னு பார்ப்பார், குழாய் வாயில விரலை விட்டுப் பார்ப்பார். ஒரு தடவை ஒரு குழாய்க்குள்ள குளவி கூடு கட்டியிருந்துச்சாம். அதிலிருந்து உலகத்துல எந்தக் குழாயையும் அவர் நம்பினதில்லை. மத்தவங்க அரை மணியில முடிக்கிற கட்டடத்துக்கு இவருக்கு அரை நாள் ஆகும். முதலாளி பல்லைக் கடிப்பார். ஆனா பெரிய கோடவுன்காரங்க ஃபோன் போட்டு அவரையே அனுப்புங்கன்னு கேட்பாங்க.

நான் அதே ஆபீஸ்ல சான்றிதழ் டைப் அடிக்கிறவ. எனக்கு வாய் ஜாஸ்தி, பொறுமை கம்மி. இதை முதல்லயே சொல்லிடுறேன். ஏன்னா நடந்த தப்புல பாதி அதனாலதான் நடந்துச்சு.

அவருக்கு ஒரே பையன். அவனையும் மனுஷன் சிலிண்டர் மாதிரியேதான் பார்த்தார். பையைத் திறந்து பார்ப்பார், ஃபோனை எடுத்துப் பார்ப்பார், அலமாரியைக் குடைவார். கெட்ட எண்ணமெல்லாம் கிடையாது, பயம்தான். கடைசியில இருபத்துமூணு வயசுப் பையன் குளிக்கப் போன நேரத்துல அவன் கம்ப்யூட்டரைத் திறந்து, சிநேகிதனுக்கு அவன் எழுதினதையெல்லாம் உட்கார்ந்து படிச்சிருக்கார். தலை துவட்டிக்கிட்டே வந்தவன் பார்த்துட்டான். சண்டைகூடப் போடல. "நான் உங்க சிலிண்டர் இல்லப்பா, தினம் முள்ளைப் பார்த்து டிக் அடிக்க"ன்னான். நாலு சட்டையை ஒரு பையில அடைச்சுக்கிட்டுக் கிளம்பிட்டான். ஃபோன் நம்பரை மாத்திட்டான். போலீஸ்ல போய்ச் சொன்னதுக்கு, வயசு வந்த பிள்ளை தானா போயிருக்கான், நாங்க என்ன செய்யறதுன்னுட்டாங்க. அவன் எங்க இருக்கான்னு அந்தச் சிநேகிதனுக்கு மட்டும் தெரியும். அவனும் வாயைத் திறக்கல. நல்லா இருக்கான், அது போதும்னு சொல்லிட்டான்.

ஒரு வருஷம் கழிச்சு, ஒருநாள் சாப்பாட்டு நேரத்துல என் மேஜைகிட்ட வந்து நின்னார்.

"எனக்கு இன்டர்நெட்ல ஒரு இடம் வேணும்மா. நான் அவனைத் தேடுற இடமா இருக்கக் கூடாது. அவனுக்கா தோணுச்சுன்னா வந்து பார்க்கிற இடம்."

எனக்கு மனசு கேக்கல. காசில்லாமக் கிடைக்கிற பக்கம் ஒண்ணு செஞ்சு கொடுத்தேன். மேல அவன் ரூம் படம்: கட்டில், ஜன்னல், மேஜை ஃபேன். கீழே அவர் சொன்ன வரி: "அறை அப்படியே இருக்கு. எதையும் கேட்க மாட்டேன். அப்பா." அதுக்கும் கீழே, யார் வேணா எழுதற மாதிரி ஒரு கருத்துப் பெட்டி. அந்தப் பெட்டி நான் செஞ்சது இல்ல. வேற ஒரு கம்பெனி இலவசமாத் தர்றது, வாங்கி ஒட்டினேன். பக்கத்தோட முகவரியைச் சிநேகிதன்கிட்ட கொடுத்து, பையனுக்குச் சொல்லிடுப்பான்னு கேட்டுக்கிட்டார். சொல்றேன்னான்.

பையன் எழுதறதுக்கு முன்னாடி ஊர்ல இருக்கிற வெட்டிப்பயலுங்கெல்லாம் எழுதினானுங்க. பாதி பேர் ஆறுதல், பாதி பேர் ஜோசியம். ஒருத்தன், "உங்கள் மகனை நேற்று பார்த்தேன், படம் இங்கே"ன்னு போட்டு ஒரு சுட்டி கொடுத்திருந்தான். எந்த அப்பன்தான் அமுக்காம இருப்பான்? அமுக்கினதும் வீட்டுக் கம்ப்யூட்டர்ல சைரன் ஊளையிட ஆரம்பிச்சிருச்சு. ஜன்னல் மேல ஜன்னலாத் திறக்குது, எதையும் மூட முடியல.

லீவு நாள்ல அவர் வீட்டுக்குப் போய் எல்லாத்தையும் துடைச்சு எடுத்தேன். அவர் வெச்சிருந்த பிரவுசர் அரதப்பழசு, செஞ்சவங்களே கைகழுவிட்ட சரக்கு. அதைத் தூக்கிட்டு வேற பிரவுசர் போட்டுக் கொடுத்தேன். இதுக்குக் காவலா சில ஆட்-ஆன் இருக்கு அண்ணே, பிரவுசரோட சேர்த்துப் போட்டுக்கலாம், வாசல்ல வாட்ச்மேன் நிக்கிற மாதிரின்னு சொன்னேன். வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்.

மூணு நாள் என் சாப்பாட்டு நேரம் அதுல போச்சு. சிலிண்டர்ல மாட்டுற வெத்துக் கார்டு ஒரு கட்டு எடுத்துட்டு வந்துட்டார். ஒரு ஆட்-ஆனுக்கு ஒரு கார்டு. யார் செஞ்சது, கடைசியா எப்பப் புதுப்பிச்சாங்க, எத்தனை பேர் வெச்சிருக்காங்க, என்ன அனுமதி கேக்குது. எல்லாத்தையும் குண்டு குண்டா எழுதினார். மூணு வருஷமா யாரும் தொடாத ஒண்ணுக்கு "காலாவதி"ன்னு எழுதித் தூக்கிப் போட்டார். இன்னொண்ணைப் பாராட்டி நாப்பது பேர் எழுதியிருந்தாங்க. நாப்பதும் ஒரே வாசகம். "சிலிண்டரைத் தொடாமலே ஒரே மூச்சுல நாப்பது கார்டு எழுதினதைப் பார்த்திருக்கேன், இது அந்தக் கதை"ன்னு அதையும் தள்ளிட்டார். இப்படிப் பதினொண்ணு போச்சு. எனக்குப் பசியில காது அடைச்சுது.

நல்லதா ஒண்ணு கிடைச்சப்ப அனுமதியில வந்து நின்னுட்டார்.

"'எல்லாத் தளங்களிலும் உள்ள எல்லாத் தகவலையும் படிக்கவும் மாற்றவும்' கேக்குறானே. யாரும்மா இவன்? வாட்ச்மேன் வேலைக்கு வர்றவன் பீரோ சாவியைக் கேட்டா கொடுப்பேனா?"

"எது கெட்டதுன்னு கண்டுபிடிக்கணும்னா அவன் எல்லாத்தையும் பார்த்துத்தானே அண்ணே ஆகணும்."

பேனாவை மூடி வெச்சார். "நானும் அப்படித்தான் நெனச்சேன், பையன் விஷயத்துல"ன்னார். நான் டிபன் பாக்ஸை மூடற மாதிரித் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்.

கடைசியில மூணு தேறுச்சு. விளம்பரத்தைத் தடுக்க ஒண்ணு. மோசடித் தளத்துக்குப் போனா எச்சரிக்க ஒண்ணு. மூணாவது, நம்மளை வேவு பார்க்கிற வெளிக் கம்பெனிங்களை உள்ள விடாம நிறுத்தறது. அதுல சாதாரணம், கடுமை, மிகக் கடுமைன்னு மூணு அளவு இருந்துச்சு. சாதாரணம் போதும்னேன். "தீ என்ன சாதாரணமாவா வரும்?"னு கேட்டு மிகக் கடுமையில வெச்சார். அதுக்குக் கீழே பொடி எழுத்துல ஒரு வரி. அதையும் விடாம கண்ணாடியை ஏத்திவிட்டுக்கிட்டுப் படிச்சார். "'சில தளங்களில் சில பகுதிகள் தெரியாமல் போகலாம்.' எந்தப் பகுதிம்மா?"

"விளம்பரம், குப்பை, அதுதான் அண்ணே. வேற என்ன?"

மறுநாள் காலையில சந்தோஷமா வந்தார். "அந்தப் பக்கத்துல கீழே கிடந்த குப்பையெல்லாம் சுத்தமாப் போச்சும்மா. வெள்ளை வெளேர்னு இருக்கு." நான் நாப்பது சான்றிதழைத் தலையில போட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன், முதலாளி பின்னாடி நிக்கிறார். திரும்பிக்கூடப் பார்க்காம, "அதுக்குத்தானே அண்ணே போட்டோம்"னேன். ஒரு நிமிஷம் எந்திரிச்சுப் போய்ப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். பெட்டி வெளிக் கம்பெனியோடது. மூணாவது வாட்ச்மேன் பெட்டியையே தெரியாம ஆக்கிட்டான். குப்பைதான் போயிருக்கு, பையன் எழுதினா அது குப்பை இல்லையே, அது மட்டும் தானா வரும்னு இவர் நம்பிட்டார்.

எட்டு மாசம். காலையில வேலைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை, சாயங்காலம் வந்து சட்டையைக் கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை, அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பார். மானிட்டர்ல நூல் கட்டி ஒரு கார்டு தொங்கும், அதுல தேதி போட்டு டிக். பக்கத்து ரூம்ல அண்ணி தையல் மெஷினை நிறுத்திட்டு, "ஏதாவது இருக்கா?"ன்னு கேட்பாங்க. "இல்ல"ம்பார். மெஷின் திரும்ப ஓடும். நானே ரெண்டு மூணு தடவை அந்த வீட்டுல உட்கார்ந்து இதைக் கேட்டிருக்கேன்.

அப்புறம் ஒருநாள் ஆபீஸ்ல ஒரு புதுப் படம் கொண்டுவந்து கொடுத்தார். பையன் ரூம் ஜன்னல் கொக்கி சரியா மாட்டாம மழையில மெத்தை நனைஞ்சு நாறிப்போச்சாம். புது மெத்தை போட்டிருக்கார். "படத்தை மாத்திடும்மா, அவன் பார்த்தா தெரியட்டும்"னுட்டு ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிப் போயிட்டார்.

ஆபீஸ் கம்ப்யூட்டர்ல வாட்ச்மேன் எவனும் கிடையாது. பக்கத்தைத் திறந்தேன், கீழே இறங்கினேன். பெட்டி இருக்கு. நிறைய குப்பை. நடுநடுவுல, பேர் எழுதற இடத்துல வெறும் "நான்"னு போட்டு மூணு கருத்து.

முதல்ல எழுதினது: "பார்த்தேன்பா. படத்துல ஜன்னல் கொக்கி மாட்டாம இருக்கு. மழை வந்தா மெத்தை நனையும். நான் நல்லா இருக்கேன்."

மூணு வாரம் கழிச்சு: "நீங்க தினம் இதைப் பார்க்கறீங்கன்னு சிநேகிதன் சொன்னான். ஒரு வார்த்தை எழுதுங்க. திட்டினாக்கூடப் பரவாயில்ல."

ரெண்டு மாசம் கழிச்சு: "புரியுது. வெளிநாட்டுல ஒரு வேலை கிடைச்சிருக்கு, வெள்ளிக்கிழமை கிளம்பறேன். இனிமே இந்தப் பக்கம் வர மாட்டேன். அம்மாவைப் பார்த்துக்குங்க."

தேதியைப் பார்த்தேன். அவன் போய் அஞ்சு மாசம் ஆச்சு. எந்திரிச்சு பாத்ரூம்ல போய் நின்னுக்கிட்டேன். உங்ககிட்டப் பொய் சொல்ல விரும்பல, மறைச்சிடலாம்னுதான் முதல்ல தோணுச்சு. அழிச்சிட்டா யாருக்குத் தெரியும்? ரெண்டு நாள் அந்த நெனப்போடயே அவர் முகத்தைப் பார்த்துக்கிட்டு, சான்றிதழ் டைப் அடிச்சுக்கிட்டு இருந்தேன். எவ்வளவு கேவலமான ஆளுன்னு என்னை நான் தெரிஞ்சுக்கிட்டது அந்த ரெண்டு நாள்லதான்.

மூணாம் நாள் சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். நேரா கம்ப்யூட்டர்கிட்ட போய் மூணாவது வாட்ச்மேனை நிறுத்திட்டு, பக்கத்தைத் திறந்து காட்டினேன். நின்னுக்கிட்டே படிச்சார். அண்ணி மெஷினை விட்டுட்டு வந்து, "என்ன, படிங்க"ன்னாங்க. முதல் கருத்தைச் சத்தமாப் படிச்சார். ரெண்டாவது வந்ததும் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். மிச்சத்தை நான் படிச்சேன். அண்ணி அப்படியே கட்டில் விளிம்புல உட்கார்ந்துட்டாங்க.

"என் தப்பு அண்ணே. அன்னிக்கு நான் திரும்பிப் பார்த்திருக்கணும்"னேன்.

திட்டல. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். உட்கார்ந்து ஒத்தை விரலால பதில் அடிச்சார். "நான் பார்க்கலப்பா. பெட்டி எனக்குத் தெரியாம இருந்துச்சு. வா." சிநேகிதனுக்கு ஃபோன் போட்டோம். பையன் இங்க எழுதினது அவனுக்குத் தெரியவே தெரியாதாம். வெளிநாடு போய்ப் புது நம்பர் தர்றேன்னு சொல்லிட்டுப் போன பையன், அப்புறம் அவனைக் கூப்பிடவே இல்லையாம். சிநேகிதனும் தேடிக்கிட்டுத்தான் இருக்கான்.

"எல்லாத்தையும் எடுத்துடும்மா"ன்னார் அண்ணன்.

"இந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் தளர்த்தினாப் போதும் அண்ணே. மத்தது இருக்கட்டும்."

"ஒண்ணும் வேண்டாம். எது எதை மறைக்குதுன்னு எனக்குத் தெரியாது."

மூணையும் எடுத்தேன். மானிட்டர்ல தொங்கின கார்டை அவரே அறுத்தார்.

போன வாரம் போயிருந்தேன். ஸ்கிரீன் முழுக்க விளம்பரம் குதிக்குது. பெட்டியில புதுசா ஒண்ணு: "உங்கள் மகனை நேற்று பார்த்தேன், படம் இங்கே." முன்ன வந்த அதே வாசகம், எழுத்து மாறல.

"அண்ணே, அமுக்காதீங்க. அதே கும்பல்தான். மெஷின் போயிடும்."

"தெரியும்மா. அவனுங்களா இருந்தா மெஷின் போகும்." மவுஸை எடுத்தார். "வேற யாராவது நிஜமாவே பார்த்திருந்தா?"

அமுக்கினார். சைரன் ஊளையிட ஆரம்பிச்சுது, ஜன்னல் மேல ஜன்னலாத் திறந்துச்சு. பக்கத்து ரூம்ல தையல் மெஷின் நின்னுச்சு.

"ஏதாவது இருக்கா?"

"இரு, பார்க்கறேன்"னார். ஒவ்வொரு ஜன்னலையும் மேலேருந்து கீழே வரைக்கும் படிச்சிட்டு, அதுக்கப்புறம்தான் மூடினார்.