புரட்டாசியில் மோந்து பார்த்த பீர்

அடுப்புல பரங்கிக்காய் சாம்பார் கொதிக்குது... பக்கத்துலயே ஒருத்தர் பீர் பாட்டில் மூடியைத் திறக்குறார். ரெண்டு வாசனையும் ஒரே ரூம்ல கலந்தா எப்படி இருக்கும்னு என்னைக் கேளுங்க.

துபாய் தேராவுல, ஒரே ரூம்ல ஆளுக்கொரு கட்டிலுக்கு வாடகை குடுத்து பெட் ஸ்பேஸ்ல இருந்த காலம். அப்பல்லாம் வெள்ளிக்கிழமைதான் லீவு.

ரூம்ல மூணு பேர். நான், ஒரு டிரேடிங் ஆபீஸ்ல அக்கவுண்டன்ட். வரதன் அண்ணன், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம், ஏசி மெக்கானிக். அப்புறம் ரஞ்சன் அண்ணை, யாழ்ப்பாணத்துக்காரர், ஒரு ஹோட்டல் பார்ல வேலை.

இதுல கூத்து என்னன்னா, பார்ல வேலை பாக்குற ரஞ்சன் அண்ணை ஒரு சொட்டு வாயில வைக்க மாட்டார். அப்பா குடிச்சு வீடு பட்ட பாடு போதும்னு சின்ன வயசுலயே முடிவு பண்ணவர். வியாழக்கிழமை டூட்டி முடிஞ்சா பாட்டில் திறக்குறது நானும் வரதன் அண்ணனும்தான்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு அட்டைப் பெட்டியோட வந்தார் ரஞ்சன் அண்ணை. உள்ள விதவிதமா பாட்டில். எல்லாம் கிராஃப்ட் பீராம். சின்னச் சின்ன கம்பெனிங்க சீசனுக்கு சீசன் காய்ச்சுறது. ஹோட்டல்ல வெள்ளைக்காரங்களுக்கு இலையுதிர்கால பார்ட்டி வருது, அதுக்கு எந்தெந்த பீர் வைக்கலாம்னு இவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிட்டாங்க.

தேராவுல எந்த மரத்துல இலை உதிருதுன்னு நான் கிண்டல் பண்ணேன். அவர் சிரிக்கல.

"இது சரிவந்தா என்னை சூப்பர்வைசர் ஆக்குவினம் தம்பி. அப்பதான் ஃபேமிலி விசா கிடைக்கும். மகள் பிறந்ததில இருந்து லீவில போய்த்தான் பாக்கிறன். போன முறை போகேக்க, ஆர் இந்த மாமா எண்டு கேட்டவள்."



இன்னொரு பார்மேனும் அதே போஸ்டுக்கு நின்னார். அதனால அங்க யார்கிட்டயும் ருசி பாக்கச் சொல்ல முடியாது. மிச்சம் இருந்தது எங்க நாக்குதான். அந்த நாக்குக்கும் வந்தது பாருங்க வினை... அது புரட்டாசி மாசம்!

வருஷம் முழுக்க ஆடுவோம். புரட்டாசி பிறந்துட்டா ரூம்ல முட்டைகூட வராது. அதுலயும் வரதன் அண்ணன் பெருமாள் பக்தர். அலமாரி மேல் தட்டுல படம், அதுக்குத் தினமும் துளசி. துபாய்ல துளசிக்கு எங்க போவார்னு எனக்கு இன்னும் தெரியாது.

"குடிக்க வேண்டாம். மணந்து பாத்துச் சொல்லுங்கோ, காணும்"னார் ரஞ்சன் அண்ணை. காணும்னா அவங்க பேச்சுல போதும்.

சரின்னு மூணு பேரும் தரையில உக்காந்தோம். பேப்பர் கப்ல ஊத்தி மோந்து பாத்தோம். கோதுமை பீர்ல கனிஞ்ச வாழைப்பழ வாசனை. பஞ்சாமிர்தம்னேன் நான். கறுப்பா ஒண்ணு, காபிக்கொட்டையைத் தீய விட்ட மாதிரி. சிவப்பா இருந்தது பேக்கரி வாசல்ல நிக்கிற மாதிரி இருந்துச்சு. நாங்க சொல்லச் சொல்ல, அதை இங்கிலீஷ்ல எப்படிச் சொல்லலாம்னு வாய்க்குள்ளயே சொல்லிப் பாத்துக்கிட்டார்.

கடைசியா ரெண்டு பரங்கிக்காய் பீர்.

"என்னய்யா இது? நாம சாம்பார்ல போட்டதை இவன் பாட்டில்ல போட்டிருக்கான்!" வரதன் அண்ணன் விழுந்து விழுந்து சிரிச்சார். மோந்தா ரெண்டுலயும் ஒரே பட்டை, ஒரே கிராம்பு. வெள்ளைக்காரங்களுக்கு இலையுதிர்காலம்னாலே பரங்கிக்காய்தானாம், அதனால பார்ட்டியில இதுதான் முக்கியம், ரெண்டுல ஒண்ணுதான் வைக்க முடியும். எதுன்னு மூக்குக்குத் தெரியல. நான் கப்பைக் கையில எடுத்தேன், வாய்கிட்ட கொண்டுபோக மனசு வரல.

வரதன் அண்ணன் எந்திரிச்சுப் போய் பெருமாள் படத்துக்கு முன்னாடி நின்னார். கன்னத்துல போட்டுக்கிட்டார். திரும்பி வந்து இதுல ஒரு மடக்கு, அதுல ஒரு மடக்கு குடிச்சார்.

"மொதல்ல உள்ளது முழுங்குனதும் கசாயமா கசக்கு. இது நல்லாருக்கு. இதையே வையி."

ரஞ்சன் அண்ணை பதறிட்டார். "ஐயோ, ஏன் அண்ணை? விரதமெல்லோ!"

"விடுய்யா. பிள்ளை வரணும்ல."

அத்தோட விடல மனுஷன். கெடுத்த விரதத்துக்கு ஈடா ஐப்பசி முழுக்கவும் விரதம் இருந்தார். தீபாவளி அன்னைக்கு நான் மட்டனை வச்சுக்கிட்டு சங்கடப்பட, அவர் பாட்டுக்குத் தயிர்சாதம் சாப்பிட்டார்.

பார்ட்டியில அந்த பரங்கிக்காய் பீர்தான் முதல்ல காலியாச்சாம். போஸ்ட் வந்துச்சு, விசாவும் வந்துச்சு. ஏர்போர்ட்டுக்கு நாங்களும் போனோம். வந்து இறங்கின மகள், அப்பாவை விட்டுட்டு வரதன் அண்ணன் மீசையையே பாத்துக்கிட்டு இருந்துச்சு.

இப்ப நான் குடும்பத்தோட தனி ஃபிளாட்ல இருக்கேன். வருஷா வருஷம் வெயில் காலம் முடிஞ்சதும் பிரெண்ட்ஸுக்கு ஒரு பார்ட்டி வைக்கிறது வழக்கமாயிடுச்சு. போன வாரம் அதுக்கு பீர் வாங்கப் போயிருந்தேன். பரங்கிக்காய்லயே அத்தனை வகை. போனை எடுத்து, முகம் தெரியாத யாரோ குடுத்த ஸ்டார் ரேட்டிங்கைப் பாத்து ரெண்டு நிமிஷத்துல முடிச்சுட்டேன். சுலபமாத்தான் இருக்கு, குறை சொல்ல ஒண்ணும் இல்ல.

வரதன் அண்ணன் ஊரோட போயிட்டார். ரஞ்சன் அண்ணை குடும்பத்தோட கனடா போயிட்டார். எப்பவாவது வாட்ஸ்அப்ல ஒரு குட்மார்னிங்.

அப்ப அந்த ரூம்ல சமையல், சிரிப்பு, சண்டையை விலக்கி வைக்கிறது எல்லாமே ரஞ்சன் அண்ணைதான். நாங்க சரியா தேர்ந்தெடுத்துக் குடுத்தா குடும்பம் வந்து, அவர் எங்களை விட்டுத் தனி வீட்டுக்குப் போயிடுவார்னு அன்னைக்கு எங்க ரெண்டு பேருக்கும் நல்லாவே தெரியும்...

தெரிஞ்சுதான் வரதன் அண்ணன் குடிச்சார்.