எண்ணிக்கை தப்பிய செப்புச் சுருள்கள்

எரிந்துபோன மோட்டார்களுக்குக் காயில் கட்டுவது என் தொழில். ஜமுனாமரத்தூரில் ஒரு சின்னக் கடை, அதற்குப் பின்னாலேயே வீடு. காயில் கட்டுகிறவன் சுற்றுகளை எண்ண வேண்டும். எண்ணிக்கை தப்பினால் மோட்டார் புகைந்து திரும்பி வரும். பின்னாலேயே அதன் சொந்தக்காரரும் புகைந்துகொண்டு வருவார். அதனால் நான் எண்ணும்போது யாரும் பேசக் கூடாது என்று சட்டம் போட்டிருந்தேன். என் மனைவிகூட வாசலில் நின்று கையைத் தூக்குவாள். நான் தலையாட்டிய பிறகுதான் வாய் திறப்பாள். வீட்டில் எனக்கிருந்த ஒரே அதிகாரம் அதுதான்.

ஒருநாள் மீந்துபோன எர்த் கம்பியைச் சும்மா மண்ணெண்ணெய்ப் புனல்மேல் சுற்றிப் பார்த்தேன். மனைவி கைதூக்க மறந்து, "கீரையா, ரசமா?" என்று கேட்டுவிட்டாள். எண்ணிக்கை போனது. கோணல்மாணலாக ஒரு செப்புச் சுருள் வந்தது. கடை வாசலில் தொங்கவிட்டேன். காற்றில் அது சுழன்றால் கம்பி மேலே ஏறிக்கொண்டே போவதுபோல் தெரியும்.

ஊருக்கு வெளியே புதிதாக விடுதி கட்டிய அம்மா ஒருவர் மோட்டாரோடு வந்தார். வந்தவர் மோட்டாரை மறந்துவிட்டுச் சுருளையே பார்த்தார்.

"கையால செஞ்சதா? எங்க தோட்டத்துல தொங்கவிட இருபது வேணுங்க. புதன்கிழமை விருந்தாளிங்க வர்றாங்க."

இத்தனை வருடமாக என் வேலையை மோட்டாருக்குள் வைத்து மூடித்தான் அனுப்பியிருக்கிறேன். பார்ப்பதற்கென்றே ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. டீக்கடைக்குப் போய், "இனிமே நான் கலைஞன்" என்று அறிவித்தேன்.

"அது கெடக்கட்டும், என் மோட்டாரு இன்னா ஆச்சு?" என்றார் டீக்கடைக்காரர்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் இருபதையும் முடித்தேன். ஒவ்வொன்றும் இருபத்து நான்கு சுற்று. அணிவகுப்பில் நிற்கும் போலீஸ்காரர்கள்போல வரிசையாகத் தொங்கின. விடுதி அம்மா வந்து பார்த்தார். முகம் சுருங்கியது.

"இது மெஷின்ல போட்டதாங்க?"

"இல்லீங்கம்மா, கைதாங்க."

"ஒண்ணு மாதிரியே ஒண்ணு இருக்கே, யாரு நம்புவாங்க? வாசல்ல தொங்குதே, அது மாதிரி செஞ்சு குடுங்க. முடியலன்னா பரவால்ல, வேலூர்ல வாங்கிக்கிறேன்."

டீக்கடையில் இனி தலைகாட்ட முடியாது என்று புரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு சுற்றினேன். இருபத்து நான்கு வந்தது. இடது கையால் சுற்றினேன். அதே இருபத்து நான்கு. கோணலாகச் செய்யக்கூடத் துப்பில்லாத கலைஞன் நான் ஒருவன்தான்.

கடைசியில் மனைவியைக் கூப்பிட்டேன். "இங்க குந்து. நான் சுத்தறப்போ எதாச்சும் பேசினே இரு."

அவள் வாசலிலேயே நின்று கையைத் தூக்கினாள்.

"இன்னா இது?"

"நீ தலையாட்டினாதானய்யா நான் பேசணும்? உன் சட்டம்தானே?"

ஆட்டினேன். அவ்வளவுதான். "வூடு ஒழுவுது, ஓட்ட மாத்துன்னு எத்தினி தபா சொன்னேன்?" என்று தொடங்கினாள். அவள் அண்ணன் வீட்டுக் காதுகுத்துக்குக் கையில் கிரீஸோடு நான் போய் நின்றதற்கு வந்தாள். "பலாப்பழம் வாங்கினு வான்னு அனுப்பினா மோட்டாரத் தூக்கினு வர்ற ஆளு இந்த மலையிலேயே நீதான்" என்றாள். நானும் விடாமல் பதில் சொன்னேன். கம்பி அதன் இஷ்டத்துக்குப் போனது. ஓடு ஒழுகிய சுருளுக்கு வயிறு பெருத்துவிட்டது. காதுகுத்துச் சுருள் பாதியிலேயே வெடுக்கென்று திரும்பிக்கொண்டது. இருபது சுருள் முடிந்தும் அவளிடம் குறைகள் மிச்சமிருந்தன. பழைய இருபதையும் தன் அவரைக்காய்ப் பந்தலில் மாட்டிக்கொண்டாள்.

புதன்கிழமை காலை விடுதி அம்மா ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுதாங்க கைவேலை! ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல. எப்படிங்க வந்துச்சு இது?"

கலைஞனுக்குரிய முகத்தை வைத்துக்கொண்டு தொண்டையைச் செருமினேன். பக்கத்தில் நின்ற என் மனைவி மெல்லக் கையைத் தூக்கினாள்.

தலையாட்டினேன்.