இ எழுத்தில் தொடங்கும் தாய்மார்

1. வீட்டில் ஓடியது

நான் எழுதிய முதல் புரோகிராம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன முதல் நாளே ஓட மறுத்தது. திரையின் நடுவில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி வந்து, ஏதோ ஒரு கோப்பைக் காணவில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னது. நான் ‘ஓகே’யை அமத்தினேன். பெட்டி போய்விட்டது. கூடவே புரோகிராமும் போய்விட்டது. எனக்குப் பின்னால் டொக்டரும் தவமலர் மிஸியும் நின்றார்கள்.

அது 2004 தொடக்கம். இடம், யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில், நகரத்தோடு தெருவால் இணைந்த ஒரு தீவில் இருந்த சின்ன அரசாங்க ஆஸ்பத்திரி. சண்டை ஓய்ந்து பாதைகள் திறந்திருந்த காலம். யாரோ அன்பளிப்பாக அனுப்பிய கணினி ஒன்று அங்கே வந்து, மருந்து அறையில் துணி போர்த்தியபடி கிடந்தது. அதைச் சும்மா வைத்திருக்க டொக்டருக்கு மனமில்லை. கர்ப்பிணித் தாய்மாரின் விவரங்களை அதில் ஏற்றி, அடுத்த மாதம் யார் யாருக்குப் பிள்ளை பிறக்கும் என்று பட்டியல் எடுக்க ஆசைப்பட்டார். நான் சரவணையில் இருந்து யாழ்ப்பாணத்துக்குப் பஸ்ஸில் போய் வந்து, ஆறு மாதம் விசுவல் பேசிக் என்ற கணினி மொழி படித்து முடித்திருந்தேன். வயது இருபத்திரண்டு. அந்தப் படிப்புப் படித்த ஆள் என்று அவருக்கு அகப்பட்டது நான்தான்.

“வீட்டில ஓடினது டொக்டர்,” என்றேன். “நேற்றும் ஓடினது.”

“அப்ப வீட்டையும் கழட்டிக்கொண்டு வாரும் பிள்ளை. இங்க இடம் கிடக்கு.”

தவமலர் மிஸி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எங்கள் பக்கத்தில் தாதிமாரையும் மருத்துவமாதுகளையும் மிஸி என்றுதான் கூப்பிடுவோம். இவர் பிள்ளைப்பேறு பார்க்கும் மருத்துவமாது. என்னைவிட மூன்று வயது கூட. சைக்கிளிலும் படகிலுமாகத் தாய்மாரின் வீடு வீடாகப் போய் வருவார். என் புரோகிராமைப் பாவிக்கப்போவது அவர்தான்.

பிழை இதுதான். வெளிநாட்டில் இருக்கும் அண்ணை வாங்கித் தந்த என் வீட்டுக் கணினியில் விசுவல் பேசிக் இருந்தது. அதோடு சேர்ந்த துணைக் கோப்புகளும் இருந்தன. நான் பிளொப்பியில் போட்டுக் கொண்டுபோனது புரோகிராமை மட்டும். துணைக் கோப்புகளையும் சேர்த்து ஒரே பொதியாகக் கட்ட வேண்டும் என்று படித்த இடத்தில் சொல்லித் தந்திருந்தார்கள். நான் அன்று வகுப்புக்குப் போகவில்லை. மறுநாள் ஐந்து பிளொப்பிகளில் பொதியைக் கொண்டுபோனேன். நான்காவது பிளொப்பி கெட்டிருந்தது. மூன்றாம் நாள்தான் புரோகிராம் ஓடியது.

2. துடைத்துவிடும் பட்டன்

தவமலர் மிஸி முன்பு தமிழ் தட்டெழுத்துப் படித்தவர். எங்கள் கணினியில் இருந்த தமிழ் எழுத்துருவும் பழைய தட்டெழுத்து மெசினின் எழுத்து வரிசையிலேயே அமைந்தது. ஆகவே கீபோர்டைப் பாராமலே மளமளவென்று அடிப்பார். மவுசைத் தொடமாட்டார்.

இரண்டு நாள் கழித்து என்னைக் கூப்பிட்டார். “அமலா, உம்முடைய மெசினுக்கு இந்த அம்மாவைப் பிடிக்கேல்லைப் போல. மூண்டு தரம் போட்டன். மூண்டு தரமும் துடைச்சுப்போட்டுது.”

“அப்பிடி நடக்க ஏலாது மிஸி.”

“ஏலாதோ? இதில இரும். பாரும்.”

பக்கத்தில் இருந்து பார்த்தேன். பெயரை அடித்தார். ‘டாப்’ கட்டையை அமத்தினார். அடுத்து வயதுப் பெட்டிக்குப் போக வேண்டிய குறி, நேரே ‘நீக்கு’ பட்டனில் போய் நின்றது. அவர் அதைக் கவனிக்காமல் ‘என்ரர்’ தட்டினார். அந்த அம்மா மறைந்துபோனார்.

திரையில் எந்தப் பெட்டியை முதலில் வைத்தேனோ அந்த ஒழுங்கில்தான் குறி போகும். நான் படிவத்தை வரையும்போது பெயருக்கு அடுத்ததாக ‘நீக்கு’ பட்டனை வைத்து, வயதுப் பெட்டியைப் பிறகுதான் வைத்திருந்தேன். எப்போதும் மவுசால் சொடுக்கிப் பார்த்ததால் எனக்கு இது தெரியவரவே இல்லை. அன்று ஒரு மணித்தியாலம் வாய் திறக்காமல் மிஸியின் பக்கத்தில் இருந்து, அவருடைய விரல் எங்கே போகிறது, எங்கே தடுமாறுகிறது என்று ஒரு கடதாசியில் எழுதினேன். பதினேழு குறிப்புகள். நான் ஒரு மாதம் யோசித்தும் கண்டுபிடிக்காதவை.

3. பதினாலு மாதம்

மார்ச் மாதத்துக் கிளினிக் நாள். வாங்குப் பலகையில் தாய்மார் வரிசையாக இருந்தார்கள். டொக்டர் திரையைப் பார்த்தார், முன்னால் இருந்த தாயைப் பார்த்தார், திரும்பவும் திரையைப் பார்த்தார்.

“பிள்ளை அமலா, இங்க வாரும். இவவுக்கு அறுபது வாரமாம்.”

அந்தத் தாய் மனதுக்குள் கணக்குப் பார்த்துவிட்டு, “அறுபதோ? பதினாலு மாசமெல்லே டொக்டர்! அப்ப நான் ஆனையோ?” என்றார்.

வாங்கு முழுக்கச் சிரித்தது. எனக்கு முகம் சுட்டது. ஆனாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அவருடைய கடைசி மாதவிலக்கு டிசம்பர் முதலாம் திகதி. மிஸி நாங்கள் எழுதுகிறபடி 01/12/2003 என்று போட்டிருந்தார். கணினியின் அமைப்போ மாதத்தை முன்னால் வைக்கும் அமெரிக்க வழக்கில் இருந்தது. அது 2003 ஜனவரி பன்னிரண்டு என்று எடுத்துக்கொண்டது. திகதி பதின்மூன்றோ அதற்கு மேலோ என்றால், அப்படி ஒரு மாதம் இல்லை என்பதால் தானாகவே சரியாக எடுக்கும். ஆகவே கனபேருக்குச் சரி, சிலபேருக்குப் பிழை. எல்லாம் பிழைத்திருந்தால் முதல் நாளே பிடித்திருக்கலாம். நாள், மாதம், வருடம் என்று மூன்று பெட்டிகளாகப் பிரித்து, மாதத்தைப் பெயரால் தெரிவு செய்ய வைத்தேன். அதன்பின் யாரும் ஆனையாகவில்லை.

ஆனால் இந்த வெட்கத்தில் இன்னொரு வேலையும் செய்தேன். விசுவல் பேசிக்கில் ஒரு கட்டளை உண்டு. ‘பிழை வந்தாலும் பேசாமல் அடுத்த வரிக்குப் போ’ என்பது அதன் பொருள். அதை எல்லா இடத்திலும் போட்டுவிட்டேன். சாம்பல் பெட்டி வருவது அடியோடு நின்றது.

“இப்ப நல்லா ஓடுது பிள்ளை,” என்றார் டொக்டர். நான் பாட்டு முணுமுணுத்தபடி சைக்கிளில் வீட்டுக்குப் போனேன்.

4. காணாமல்போன ஐந்து பேர்

மே மாதம் தென்மேற்கில் இருந்து அடிக்கும் சோளகக் காற்றுத் தொடங்கிவிட்டால், கடலுக்கு அப்பால் உள்ள எழுவைதீவுக்குப் படகு நிச்சயமில்லை. ஒரு நாள் ஓடும், இரண்டு நாள் ஓடாது. அதனால் பிள்ளைப்பேற்றுக்கு நாள் கிட்டியவர்களை முன்கூட்டியே இந்தப் பக்கம் எடுத்துவிடுவார்கள். பெயர்ப்பட்டியல் அங்கே உள்ள கிராம சேவையாளருக்குப் போகும். சனம் அவரை விதானையார் என்று சொல்லும். அவர் பெயர்களை வாசித்து ஆட்களை அனுப்புவார். அந்த வருடம் முதல்தடவையாகப் பட்டியல் என் புரோகிராமில் இருந்து போனது. தவமலர் மிஸி புங்குடுதீவில் ஒரு கலியாணத்துக்கு லீவில் போயிருந்தார். டொக்டர் கையெழுத்து வைத்துத் திங்கட்கிழமை அனுப்பினார்.

புதன்கிழமை காலை மிஸி வந்து பிரதியைப் பார்த்தார்.

“எழுவைதீவில ரெண்டு பேரோ? இந்திரா எங்க?”

“நீங்கள் போடாமல் விட்டிருப்பியள் மிஸி.”

“போட்டனான் அமலா. அவவுக்கு முதல் பிள்ளை ஒப்பரேசன். இந்த முறை ரெண்டு கிழமைக்கு முதலே யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில நிக்கவேணும். அவவை விடுவனோ நான்?”

மிஸியின் கொப்பியை எடுத்துக் கணினியோடு ஒப்பிட்டோம். ஐந்து பேரைக் காணவில்லை. இந்திரா, இராசேஸ்வரி, இமெல்டா, இந்திராணி, கமலாதேவி. நான்கு பேர் ‘இ’யில் தொடங்கினார்கள். கமலாதேவி மட்டும் பொருந்தவில்லை. “அவவின்ர மனுசன் இராசதுரை,” என்றார் மிஸி. “முதலெழுத்தோட இ. கமலாதேவி எண்டு போட்டனான்.”

விவரங்கள் எழுதப்படும் கோப்பைத் திறந்தேன். அது வெறும் எழுத்துக் கோப்பு. ஒரு தாய்க்கு ஒரு வரி. பெயர், ஊர், வயது, திகதி எல்லாவற்றையும் நடுவில் ஒவ்வொரு கொமா, அதாவது காற்புள்ளி, போட்டுப் பிரித்திருந்தேன். அப்படித் திறந்தால் தமிழ் தெரியாது, ஆங்கில எழுத்தும் குறிகளுமாகத்தான் தெரியும். இந்திராவின் வரி ஒரு கொமாவோடு தொடங்கியது.

“இந்தக் கொமா எங்கால வந்தது?” என்றேன். “நான் போடேல்லையே.”

மிஸி கீபோர்டில் விரலை வைத்தார். “உதுதானே நான் ‘இ’ அடிக்கிற கட்டை.”

அவ்வளவுதான் விசயம். எங்கள் எழுத்துருவில் ‘இ’யும் கொமாவும் ஒரே குறி; கணினி உள்ளே கொமாவை எழுதும், எழுத்துரு அதைத் திரையில் ‘இ’யாகக் காட்டும். மிஸி ‘இ’ அடிக்க, பெயர் முடிந்துவிட்டது என்று என் புரோகிராம் நினைத்தது. பெயர் ஊரின் இடத்துக்குப் போனது, ஊர் வயதின் இடத்துக்கு, வயது திகதியின் இடத்துக்கு. திகதியைப் படிக்க முடியாமல் புரோகிராம் பிழை சொல்லப் பார்த்திருக்கும். நான்தான் பேசாதே என்று கட்டளை போட்டிருந்தேனே. பேசாமல் அடுத்த தாய்க்குப் போய்விட்டது.

டொக்டரிடம் போய், “என்ர பிழை டொக்டர்,” என்று தொடங்கினேன். அவர் முழுதும் கேட்கவில்லை. மணிக்கூட்டைப் பார்த்தார்.

“மற்ற நாலு பேரும் இந்தப் பக்கம்தான், நாளும் கிடக்கு. இந்திராவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. முதல் ஆள், பிறகு புரோகிராம்.”

“நானும் போறன்,” என்றேன்.

எழுவைதீவில் நாங்கள் போய் இறங்கியபோது, இந்திரா முற்றத்தில் பாயில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் இடுப்பில் கையை ஊன்றி நிமிர்ந்தார்.

“என்ன மிஸி, இந்தக் காத்துக்குள்ள?”

“ஏன் இன்னும் வராமல் இருக்கிறீர்? நாள் கிட்டீற்றெல்லே?” என்றார் மிஸி.

“விதானையார் பேர் வாசிச்சவர். என்ர பேர் இல்லை. கொம்பியூட்டர் பாத்து எடுத்ததாம். நான் விரல் விட்டு எண்ணிப் பாத்தனான், வாற கிழமை எண்டுதான் வந்தது. பிறகு, எனக்குத்தான் பிழைச்சுப்போச்சாக்கும் எண்டு விட்டிட்டன்.”

எனக்கு அந்த முற்றத்தில் நிற்க முடியவில்லை. “உங்களுக்குப் பிழைக்கேல்லை அக்கா,” என்றேன். “அந்தக் கொம்பியூட்டருக்குச் சொல்லிக் குடுத்தது நான். எனக்குத்தான் பிழைச்சது. ‘இ’யில தொடங்கிற பேரெல்லாம் விடுபட்டுப்போச்சு.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “நீரோ? என்ர தங்கச்சியளவுதான் இருக்கிறீர்,” என்று சிரித்துவிட்டு, உடுப்புப் பையை எடுக்க உள்ளே போனார்.

திரும்பி வரும்போது கடல் எழும்பிவிட்டது. படகில் தலைசுற்றிச் சத்தி எடுத்தது கர்ப்பிணி அல்ல, நான். இந்திரா ஒரு கையால் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மறு கையால் என் முதுகைத் தடவினார். “பயப்பிடாதையும், கிட்ட வந்திட்டம்.” தவமலர் மிஸிக்கு யாரைக் கவனிப்பது என்று தெரியாமல் சிரிப்பு வந்துவிட்டது. அன்று பின்னேரமே ஆஸ்பத்திரி வாகனத்தில் இந்திராவை யாழ்ப்பாணம் அனுப்பினோம்.

அடுத்த கிழமை காற்று மூன்று நாள் படகை விடவில்லை. அதில் இரண்டாம் நாள் இந்திராவுக்கு வலி கண்டது. பெரியாஸ்பத்திரிக் கட்டிலில், டொக்டர்மார் பக்கத்தில் நிற்க. பெண் பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம் என்று செய்தி வந்தபோது, மிஸி என் இரண்டு கையையும் பிடித்து மருந்து அறைக்குள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றினார்.

5. அன்னம்மாவில் இருந்து ஔவை வரை

எழுத்துக் கோப்பை விட்டுவிட்டு, முறையான தரவுத்தளத்தில் எல்லாவற்றையும் திரும்ப எழுதினேன். வாயை மூடும் கட்டளையை ஒவ்வோர் இடமாகத் தேடி எடுத்தேன். பிழை வந்தால் என்ன பிழை, யாருடைய விவரத்தில் என்று தமிழில் சொல்ல வைத்தேன். பிறகு மிஸியும் நானும் இருந்து எழுத்துக்கு ஒருவராக, உண்மையில் இல்லாத தாய்மாரை உண்டாக்கினோம். அன்னம்மா, ஆனந்தி, இரத்தினம், ஈஸ்வரி என்று ஔவை வரை. ஒருத்திக்கு ஒன்பது பிள்ளை, ஒருத்திக்கு வயது நூற்றுப் பத்து. எதைக் கொடுத்தால் புரோகிராம் விழும் என்று யோசிப்பதில் மிஸி என்னைவிடக் கெட்டிக்காரி. “இவவுக்குப் பேரே போடாமல் விட்டால்?” என்பார். விழும். திருத்துவேன். திரும்ப விழுத்துவார். என் வேலைக்காலத்தில் அவ்வளவு சிரித்த ஒரு கிழமை வேறில்லை.

சில மாதம் கழித்து இந்திரா பிள்ளையை நிறுக்கக் கொண்டுவந்தார். மிஸி கணினியில் இருந்தபடியே, “பிள்ளைக்கு என்ன பேர்?” என்று கேட்டார்.

“இலக்கியா.”

மிஸி என்னைத் திரும்பிப் பார்த்தார். “சாதகம் பாத்த சாத்திரியார் சொன்ன எழுத்தோ?”

“சாத்திரியார் வேற எழுத்துச் சொன்னவர். நான்தான் இப்பிடி வைச்சனான். போடுங்கோ மிஸி, ஏறுதோ எண்டு பாப்பம்.”

வாங்கில் இருந்த தாய்மாரும் எழும்பி வந்து சுற்றி நின்றார்கள். மிஸி ‘இ’யை அடித்தார். மற்ற எழுத்துகளையும் அடித்தார். சேமித்தார். மூடித் திரும்பத் திறந்தார். இலக்கியா, எழுவைதீவு, தாய் பெயர் இந்திரா. எல்லாம் அதது இருக்க வேண்டிய பெட்டியில் இருந்தது. சத்தம் கேட்டு டொக்டர் எட்டிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு எத்தனையோ பெரிய புரோகிராம்களில் வேலை செய்துவிட்டேன். இப்போது வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு முதல் நாள் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன். பிழை எல்லோருக்கும் வரும், அதற்கு வெட்கப்பட வேண்டாம். ஆனால் அதன் வாயைக் கட்டாதீர்கள். பாவிக்கிற ஆளின் பக்கத்தில் போய் இருங்கள். நீங்கள் எடுத்துக் கொடுத்த பட்டியலில் தன் பெயரைக் காணாத மனிதர் உங்களைச் சந்தேகிக்க மாட்டார். தன் விரல் எண்ணிய கணக்கைத்தான் சந்தேகிப்பார்.