படுக்க வைக்கக் கூடாத சிப்பாய்

பொம்மைச் சிப்பாய்களைச் சாகடிப்பது நீங்கள் நினைப்பதுபோல லேசான தொழில் இல்லை.

வாரத்தில் ஆறு நாள் கும்மிடிப்பூண்டியில் பிளாஸ்டிக் வார்க்கும் கம்பெனி வேலை. ஞாயிற்றுக்கிழமை இந்தக் கைவேலை. திருவள்ளூரில் தாமு என்றொருவர், கூட்டாளிகளோடு ஒரு ஹால் தரை முழுக்க விரல் நீளச் சிப்பாய்களை நிறுத்திப் போர் விளையாடுவார். அடிபட்டவன் விழுந்த இடத்தில் ஒரு பிணம் கிடந்தே ஆக வேண்டும். கடை பாக்கெட்டில் எல்லாரும் துப்பாக்கியோடு நிற்கிறார்களே தவிர, ஒருத்தனும் செத்திருப்பதில்லை. நான்தான் கொதிநீரில் முக்கி, கைகாலை மடக்கி, பச்சைத் தண்ணீரில் போட்டுப் படுக்க வைக்கிறேன். செய்து பார்த்தவர்களுக்குத்தான் இந்தப் பேஜாரு புரியும்.

வெயிலில் வைத்தது

முதல் ஆர்டர் நாற்பது பிணம். பெயின்ட் காயட்டும் என்று தகரக் கூரைமேல் வைத்தேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால் பாதிப் பேர் தலையைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்க்கிறார்கள்! சூடு பட்டால் பிளாஸ்டிக் வார்த்த வடிவத்துக்கே திரும்பும்; கம்பெனியில் தினமும் பார்க்கிற சங்கதிதான். தெரிந்தும் அவர்களைக் குப்புறத் திருப்பி வைத்தேன். தாமு ஒவ்வொருத்தனாகத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “இன்னா சார், சாவறதுக்கு இவனுங்களுக்கு இஷ்டமே இல்லியா?”

கமலா எடுத்து வைத்தவன்

என் மனைவி கமலாவின் தம்பி சேகர் பட்டாளத்தில் வடக்கே பனிமலையில் இருக்கிறான். ஒன்பது நாளாக போன் இல்லை. அவள் சாப்பாடே இறங்காமல் கிடந்தாள். அந்த வார ஆர்டரில், முதுகில் வயர்லெஸ் மாட்டிய ஒரு சிப்பாயை எடுத்து சாமி அலமாரியில் நிற்க வைத்தாள். “இவனைப் படுக்க வெக்காதீங்க, நம்ம சேகரு மாதிரியே கீறான்.”

ஒன்று குறைந்தது

ஞாயிறு காலை பத்து மணி. வேப்பிலையைச் சேலையாகக் கட்டிச் சுற்றி வருகிறேன் என்று தம்பிக்காக வேண்டிக்கொள்ள, கமலா பெரியபாளையத்து அம்மன் கோயிலுக்குப் போயிருந்தாள். தாமு வாசலில் நிற்கிறார். ஆர்டர் முப்பது பிணம், ஒன்று குறைகிறது. எனக்கு புத்தி எங்கே போச்சோ, அலமாரியிலிருந்தவனை எடுத்து முக்கி, இடது காலைப் பின்னால் மடக்கிக் கொடுத்துவிட்டேன்.

பன்னிரண்டு மணிக்கு சேகரின் போன். குரலைக் கேட்டதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அடுத்து அவன் சொன்னான்: “டவர் கெடைக்கிற எடத்துக்கு எறங்கி வந்துகினு இருந்தேன் மாமா, பத்து மணி இருக்கும், எடது காலு தானா பின்னால மடங்கிகிச்சு. இப்போ ஆஸ்பத்திரில கீறேன், காலு கீறதே தெர்ல.”

ஹாலில்

பைக்கை விரட்டிக்கொண்டு திருவள்ளூர் போனேன். போர் நடுவில் இருந்தது. ஆட்டம் முடிகிறவரை செத்தவனைத் தொடக் கூடாது என்பது அவர்கள் சட்டம். நான் தாண்டிப் போய் எடுத்தேன். தாமு கத்த ஆரம்பித்தார். அவர்கள் டீக்காக பிளாஸ்க்கில் வைத்திருந்த வெந்நீரை டம்ளரில் ஊற்றி அவனைப் போட்டேன். எல்லாரும் குனிந்து பார்க்க, கால் மெதுவாக நீண்டது. எனக்குக் காரணம் தெரியும், ஆனாலும் கும்பிட்டேன். தாமு ஓரடி பின்னால் போனார். “எடுத்துகினு போயிடு சார், இவன் எனக்கு வாணாம்.”

வீட்டில்

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தேன். கமலா வாசலிலேயே நின்றாள். சேகர் மறுபடி போன் செய்தானாம்; சாயங்காலம் டாக்டர் அவனை நிற்க வைத்துப் பார்த்தாராம், நின்றுவிட்டானாம். சொல்லும்போதே அவள் பார்வை என் சட்டைப் பையில் இருந்தது. “அவன எடுத்த எடத்துல வெச்சிட்டு, கை கழுவிகினு வாங்க, சாப்புடலாம்.”

இப்போதும் ஆர்டர் எடுக்கிறேன், ஆனால் என் கைவேலை காயம்பட்டவன் வரைக்கும்தான், செத்தவன் வேண்டுமென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.