சோளத்தில் செய்த பை

செல்லம்மா அக்காவின் பசு சுட்டி மூன்று நாளாக அசை போடவில்லை என்று எனக்குத் தெரிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். அதிலிருந்து மறுநாள் மாலை வரை நடந்ததை எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். போட்டது பாதிதான். மீதி என்னோடு கிடந்து அரிக்கிறது, அதனால் எழுதுகிறேன். முதலில் அக்காவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் குழுவில் அவரை "மாட்டுக்காரம்மா" என்றே எழுதுவார்கள். ஆறு வருஷம் தங்கள் வீட்டு மிச்சத்தை அள்ளிப்போன ஆளின் பெயர்கூட அவர்களுக்குத் தெரியாது.

அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. கேளம்பாக்கத்துக்குப் பக்கத்தில் தையூரில் வீடு. அவருடைய அப்பாவும் அம்மாவும் இந்தப் பக்கத்து வயல்களில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். அந்த வயல்களில் ஒன்றின் மேல்தான் எங்கள் குடியிருப்பு நிற்கிறது. ஒரு தடவை நான் உருகிப்போய், "இதெல்லாம் பச்சைப்பசேல்னு இருந்திருக்கும் இல்லக்கா?" என்று கேட்டுவைத்தேன்.

"இருந்துச்சு. எவனோட வயலோ. எங்களுக்கு இன்னா வந்துச்சு, முட்டி வலிதான் மிச்சம்," என்றார்.

நானும் செய்யூர்ப் பக்கம் கூலிக்குக் கதிர் அறுத்த பெஞ்சமினின் மகள்தான். கம்ப்யூட்டர் வேலைக்குப் போய்ப் பத்து வருஷத்தில் எனக்கு அது மறந்துபோயிருந்தது.

அக்காவின் கணவர் முத்துசாமி மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆள். விடிவதற்குள் கம்பெனி பஸ் ஏறிவிடுவார். அக்காவும் எட்டு வருஷம் அதே ஊரில் ஒரு கேன்டீனில் தட்டு கழுவியிருக்கிறார். அண்டா அண்டாவாகச் சோற்றைக் கால்வாயில் கொட்டுவதைப் பார்த்து வயிறு எரிந்துதான் மாடு வாங்க வேண்டும் என்று தோன்றியதாகச் சொல்வார். மகளிர் குழுவில் கடன் வாங்கி ஒரு கிடாரிக் கன்று பிடித்தார். அந்தக் கன்றின் கன்றுதான் சுட்டி. நெற்றியில் வெள்ளை, மற்றபடி உடம்பெல்லாம் செம்மண் நிறம். மகள் சிநேகா செங்கல்பட்டில் நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். அந்தப் படிப்பு சுட்டியின் பாலில்தான் நடந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை சுட்டி ஆறு மாதச் சினை. தொழுவத்தில் வேறு மாடு இல்லை.

எங்கள் குடியிருப்பில் தினமும் காலையும் மாலையும் அக்கா மூன்று சக்கர மீன்பாடி வண்டியை மிதித்துக்கொண்டு வருவார். அரிசி கழுவிய தண்ணீர், காய்த்தோல், மிஞ்சிய சோறு என்று எல்லாம் நான்கு நீல டிரம்களில் விழும். அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோய், சாக்கை விரித்துக் கொட்டி, முழங்கை வரை கைவிட்டு அலசுவார். ஊக்கு, பிளேடு, பால் கவரின் மூலைத்துண்டு எல்லாம் அவர் விரலுக்குத் தப்பாது. கையில் வெட்டுத் தழும்பு இல்லாத விரல் அவருக்குக் கிடையாது. "என் கை படாத எதுவும் அது வாய்க்குப் போவாது," என்பார். சுட்டியைத் தெருவில் அவிழ்த்துவிட்டதே இல்லை.

எந்த வீட்டில் எவ்வளவு வீணாகிறது என்பதும் அவருக்கு அத்துப்படி. மூன்றாவது மாடி ரேணுகா மேடத்தைப் பிடித்து, "உங்க வூட்டு சோறு ஒரு கல்யாணத்துக்கு வரும் மேடம். இம்மாஞ் சோறு துன்னா மாட்டுக்கு வயிறு உப்பிக்கும். ஒரு டம்ளர் கம்மியா வடிங்க," என்று வாசலிலேயே வைத்துச் சொல்லிவிட்டார். ரேணுகாவுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் மறுவாரத்திலிருந்து அந்த வீட்டு வாளி பாதியானது. 'உணவை வீணாக்காதீர்' என்று நான் லிஃப்டில் ஒட்டிய நோட்டீஸ் இரண்டு வருஷத்தில் செய்யாததை அக்கா ஒரு வாக்கியத்தில் செய்தார்.

நான்தான் பசுமைக் குழு. குழு என்று பெயர், ஆள் நான் ஒருத்தி. கோவளத்துக்கு மீன் வாங்க எவர்சில்வர் டப்பாவோடு போவேன். வஞ்சிரம் கேட்க மாட்டேன், அன்று கரைக்கு வந்த மத்தியோ நெத்திலியோதான். கறிக்கடையில் தூக்கு நீட்டுவேன். அங்கே எனக்கு "டிபன் பாக்ஸ் மேடம்" என்று பெயர். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அக்கா மற்றவர்களையெல்லாம் மேடம் என்பார், என்னை மட்டும் ஜாக்குலினு.

மார்ச் மாதம் லிஃப்டில் வாளித் தண்ணீர் சொட்டுகிறது என்று புகார் வந்தது. சங்கச் செயலாளர் ஹரிஹரன், இந்த மாட்டு ஏற்பாட்டையே நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் குப்பை வண்டியில் போட்டுவிடலாம் என்றார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மூன்று நாள் இணையத்தில் தேடி, சோள மாவில் செய்தது என்று போட்டிருந்த பச்சைப் பைகளைக் கண்டுபிடித்தேன். மேலே இலைப் படம் வேறு. வாளிக்குள் ஒரு பை, முடிச்சுப் போட்டு டிரம்மில் போட்டால் ஒரு சொட்டு சிந்தாது. எல்லோரும் கைதட்டினார்கள்.

அக்கா மட்டும் ஒரு பையை எடுத்து முகர்ந்தார், இழுத்துப் பார்த்தார். "இத்த மாடு துன்னுட்டா இன்னா ஆவும்?"

"சோளத்துல செஞ்சதுக்கா. தானா கரைஞ்சிடும், ஒண்ணும் ஆகாது," என்றேன்.

பைகள் வந்த பெட்டியின் அடியில் சின்ன எழுத்தில் ஏதோ இருந்தது, நான் படிக்கவில்லை. மண்ணில் மக்கும் என்பது தெரியும். மண்ணும் மாட்டு வயிறும் ஒன்றா என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். அக்கா படிப்பை நம்புகிறவர், படித்தவள் சொன்னால் சரி என்று எடுத்துக்கொண்டார். முதல் சில வாரம் ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்துக் கொட்டினார். ஒரு வேளைக்கு அறுபது முடிச்சு, பிசுபிசுப்பில் நகம் வழுக்கும். சோறு ஒட்டிய பையைச் சுட்டி ஆசையாக நக்கி இழுத்தது. அதைப் பார்த்து அக்கா, ஊக்கு, பிளேடு இருக்கிறதா என்று பையை வெளியிலிருந்து அமுக்கிப் பார்த்துவிட்டு அவிழ்க்காமல் அப்படியே அதன் முன்னால் வைக்க ஆரம்பித்தார். அதைக் கேள்விப்பட்டு நான் குழுவில் எழுதினேன்: "பைகூட வீணாகவில்லை, அதுவும் தீவனம் ஆகிறது." அதற்கு நாற்பத்தொரு பேர் கட்டைவிரல் காட்டினார்கள்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

சனிக்கிழமை இரண்டு வேளையும் அக்கா வரவில்லை. ஞாயிறு காலை ஆராதனை முடிந்து நேரே தையூருக்குப் போனேன். சுட்டி தலையைத் தொங்கப்போட்டு நின்றிருந்தது. இடப்பக்க வயிறு புடைத்திருந்தது. பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தது. வெற்றிலையும் மிளகும் அரைத்துக் கொடுத்தாகிவிட்டது, பெருங்காயம் கொடுத்தாகிவிட்டது, சாணி விழவில்லை. கால்நடை டாக்டர் திவ்யா ஏற்கெனவே வந்திருந்தார். சின்ன வயசு, நிதானமான பெண். முஷ்டியை இடது விலாவுக்கு மேல் வைத்து அழுத்தினார். அழுத்திய குழி பிசைந்த மாவில் நிற்பதுபோல அப்படியே நின்றது.

"பிளாஸ்டிக் ஏதாவது சாப்பிட்டுச்சா?" என்று கேட்டார்.

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னா டாக்டரு இப்டி கேக்குறீங்கோ? என் மாடு ரோட்ல மேயுற மாடா? ஒரு பால் கவரு கூட நான் வுட்டது இல்ல. வேணும்னா ஜாக்குலின கேளுங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார்.

அக்கா பொய் சொல்லவில்லை. அவரைப் பொறுத்தவரை அந்தப் பை சோளம். அதை அவருக்குச் சொன்னவள் நான், அது வேறாக இருக்கலாம் என்று அங்கே நின்ற மூன்று பேரில் சந்தேகப்பட்டவளும் நான் ஒருத்திதான். சொல்ல வாய் வந்தது. அதற்குள் மனசு கணக்குப் போட்டது: சோறு அதிகமாகியும் இப்படி ஆகுமே, ஊசி போட்டால் சரியாகிவிடுமே, பிறகு எதற்கு நானாக வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது. ஹரிஹரன் முகம் வேறு கண்முன் வந்தது. நான் தலையை ஆட்டினேன். "அக்கா ரொம்ப கவனமா பாத்துப்பாங்க," என்றேன்.

"அப்போ சோறு அதிகமாகி இருக்கலாம்," என்று டாக்டர் ஊசி போட்டு, வாய்வழியாக எண்ணெய் மருந்து ஊற்றினார். "நாளைக்கும் சாணி போடலைன்னா கூப்பிடுங்க."

வீட்டுக்கு வந்து பெட்டியின் அடியில் இருந்த சின்ன எழுத்தைப் படித்தேன். சூடேற்றி மக்கவைக்கும் ஆலையில் போட்டால் ஆறு மாதத்தில் மக்கும் என்றிருந்தது. போனைக் கையில் எடுத்தேன். டாக்டர் நம்பரை அக்காவிடம் கேட்டால் ஏன் என்று கேட்பார். போனைக் கீழே வைத்தேன். அன்றைக்கு நான் வெண்டைக்காய்க் காம்பைக்கூட வீணாக்காமல் சமைத்தேன்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஆபீசில் இருந்தபோது அக்கா கூப்பிட்டார். "சுட்டி படுத்துகினு எழுந்துக்கவே மாட்டேங்குது ஜாக்குலினு. எனக்கு கையும் ஓடல, காலும் ஓடல. நீ வர்றியா?"

ஷேர் ஆட்டோவில் போய் இறங்கியபோது டாக்டர் வந்துவிட்டிருந்தார். வயிற்றுக்கடியில் சாக்கைக் கொடுத்து அக்கம்பக்கத்து ஆண்கள் நான்கு பேர் சுட்டியைத் தூக்கி நிறுத்திக் கம்பத்தோடு கட்டியிருந்தார்கள். "கீறிப் பாத்துடறேன். வேற வழி இல்ல," என்றார் டாக்டர். மரப்பு ஊசி போட்டு, மயிரை மழித்து, இடது விலாவைக் கீறினார். அந்த நாற்றத்தை நான் என்னவென்று சொல்ல. தோள் வரை கையை உள்ளே விட்டார். முதலில் வந்தது ஒரு முழ நீளத்துக்கு முறுக்கிய பச்சைக் கயிறு. அப்புறம் இன்னொன்று. பிரித்துப் பார்க்கத் தேவையே இல்லை, இலைப் படம்கூட அழியாமல் இருந்தது. ஒரு அன்னக்கூடை நிரம்பியது. அன்று வேலைக்குப் போகாமல் இருந்த முத்துசாமி இன்னொரு கூடையைக் கொண்டுவந்து வைத்தார்.

"பிளாஸ்டிக் இல்லன்னு சொன்னீங்களேம்மா?" என்றார் டாக்டர்.

"அது பிளாஸ்டிக் இல்ல டாக்டரு. சோளப் பை. கரைஞ்சுபூடும்னாங்க," என்றார் அக்கா.

"யார் சொன்னது?"

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. "யாரோ தெரியாம சொல்லிட்டாங்க, வுடுங்க. நீங்க மாட்ட பாருங்க."

"நான்தான் சொன்னேன்," என்றேன்.

"அத்த இப்ப இன்னாத்துக்கு சொல்ற? வா, வந்து தலக்கயித்த புடி. ஆடுது பாரு."

போய்ப் பிடித்துக்கொண்டேன். சுட்டியின் மூச்சு என் மணிக்கட்டில் சூடாகப் பட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கு நிம்மதியாக இருந்தது. அக்கா என்னை மன்னித்துவிட்டார், மாடும் பிழைத்துவிடும், இனிமேல் வாழ்நாள் முழுக்க ஒழுங்காக இருந்துவிடலாம் என்று நினைத்தேன்.

டாக்டர் கையை வெளியே எடுத்தார். "கன்னு அசையல," என்றார். பிறகு தையலைப் போட்டபடியே, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "விஷம் உடம்பு முழுக்க ஏறிடுச்சு. நேத்தே பைன்னு தெரிஞ்சிருந்தா நேத்தே கீறியிருப்பேன். நேத்து நல்லா நின்னுட்டு இருந்துச்சு இது."

அக்கா சுட்டியின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். கை நின்றது. அப்போதுதான் என்னைப் பார்த்தார்.

"தெரியாம சொன்ன, செரி. நானும் தெரியாமதான் வெச்சேன்," என்றார். "நேத்து டாக்டரு கேக்கசொல்ல நீ இங்கதான நின்னுகினு இருந்த?"

"ஆமாக்கா."

"அப்ப உனக்குத் தெரியுமா?"

பொய் சொல்லியிருக்கலாம். சொன்னால் நம்பியிருப்பார், அதுதான் என்னைத் தடுத்தது. "சந்தேகம் இருந்துச்சுக்கா," என்றேன்.

கிட்ட வந்து என் கையிலிருந்து கயிற்றை வாங்கிக்கொண்டார். "நீ வூட்டுக்குப் போம்மா," என்றார்.

அன்று சாயங்காலம் நான்கரைக்குச் சுட்டி செத்துப்போனது. எனக்கு அதைச் சொன்னவர் முத்துசாமி, அதுவும் மறுநாள். அன்று குழுவில், மாடு இறந்துவிட்டது, பைகளை நிறுத்துகிறோம், வருந்துகிறோம் என்று எழுதினேன். ஹரிஹரன் கைகூப்பும் படம் போட்டுவிட்டு, டிரம் நான்கும் நிரம்பி நாறுகிறது, வேறு மாட்டுக்காரம்மா யாராவது கிடைப்பார்களா என்று கேட்டிருந்தார்.

சுட்டியைக் கன்றோடு சேர்த்து ஏரிப் புறம்போக்கில் புதைத்தார்களாம். சிநேகா செங்கல்பட்டிலிருந்து வந்து அழுதாளாம். குழி தோண்டத் தெருவே போயிருக்கிறது. என்னைக் கூப்பிடவில்லை.