சுவரில் நின்ற ரயில்

தாம்பரத்தில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் உள்ளறைச் சுவரில் அக்கா கரித்துண்டால் ஒரு ரயிலடி வரைந்திருந்தாள். மின்சார ரயில். பின்னால் மலை. பிளாட்பாரத்தின் கடைசியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆள். மத்தியானம் பாயில் படுத்துப் பார்த்தால் ரயில் புறப்படுகிற மாதிரி இருக்கும். நான் அதில் ஏறிப் போய்த் தூங்கிவிடுவேன்.

அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. கல்யாண வீடு என்று சுண்ணாம்பு அடிக்க ஆள் சொல்லியாயிற்று. அடித்தால் ரயில் போய்விடும். அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. அதைப் பார்த்து மாமா பெட்டிக் கேமராவோடு வந்தார். பிலிமில் ஒரு படத்துக்குத்தான் இடம் இருந்தது.

அறை இருட்டு. மாமா கேமராவை அரிசி டின் மேல் வைத்தார். ஜன்னலுக்கு வெளியே என்னை நிறுத்தி முகம் பார்க்கும் கண்ணாடியைக் கையில் கொடுத்தார். வெயிலை வாங்கி உள்ளே அனுப்ப வேண்டும். உள்ளே அம்மா வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்தாள். வெயில் வேட்டியில் பட்டு, சுவரில் பால் மாதிரிப் பரவியது. என் கை நடுங்கினால் மலையும் நடுங்கியது.

“ஆடாம புடிடி, குரங்கே!” என்றார் மாமா. விசையை இழுத்துப் பிடித்துக்கொண்டு மெதுவாக எண்ண ஆரம்பித்தார். அறை இருட்டு என்பதால் எண்ணி முடிக்கும்வரை கேமராவின் கண் திறந்தே இருக்க வேண்டும்.

அம்மாவுக்கு வாய் சும்மா இருக்காது. “நல்லா எடுடா. இவ வரைஞ்சத மாப்பிள்ளை வீட்ல பாக்கணும்னாங்க. படத்துல ஒரு காப்பி போட்டு அவங்களுக்குக் குடுக்கணும்.”

அக்கா ஓடினாள். கேமராவுக்கு முன்னால் போய், தாவணி முனையால் சைக்கிள்காரரைத் துடைத்துவிட்டு வந்து நின்றாள்.

“கெடுத்தியேடி! இருக்கறதே ஒண்ணு!” என்று கத்தினார் மாமா. ஆனாலும் எண்ணி முடித்தார்.

சுண்ணாம்பு அடித்தார்கள். பிறகு படம் வந்தது. ரயில் இருந்தது. மலை இருந்தது. ஓடிய அக்கா புகை மாதிரிகூட விழவில்லை. சைக்கிள்காரர் மட்டும் பனியில் நிற்பவர்போல் மங்கலாக நின்றார்.

“பாதி நேரம் இருந்தான். பாதி விழுந்திருக்கான்” என்று மாமா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்குக் காப்பி போகவும் இல்லை. அக்கா படத்தை வாங்கி, தன் டிரங்குப் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் வைத்தாள்.

சரியாக வரவில்லை என்றுதான் அந்த ஆளை அழித்தாள் என நினைத்தேன். ஆனால் அந்தச் சுவரிலேயே நன்றாக வந்திருந்தது அவர்தான். மணிமேல் வைத்த கட்டைவிரல்கூடத் தெரியும். அதை எங்கே பார்த்து வரைந்தாள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.